செடிக்குப் போன தண்ணீர்

கடை வாசலில், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பெரிய மண்சட்டியில் நின்ற குரோட்டன் செடி போன வாரம் பட்டுப்போய்விட்டது. முதலில் இலைகள் சுருண்டன, பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தன, கடைசியில் குச்சி மட்டும் நின்றது. மெனேஜர், கடை கூட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லையா என்று கேட்டார். அவள், தான் ஒருநாளும் ஊற்றியதில்லையே என்றாள். அப்படியானால் இவ்வளவு காலமும் யார்தான் ஊற்றினீர்கள் என்று அவர் எங்கள் எல்லோரையும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சாரி விரிக்கிற மேசைக்குப் பின்னால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இரண்டரை வருஷமாக அந்தச் செடிக்குத் தவறாமல் ஊற்றியது நீதான். உன் மகள் உனக்குக் குடிக்கக் கொடுத்துவிட்ட தண்ணீரை.

நீ போய் நாலு மாதமாகிறது. இறந்துபோனவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, என்மேல் அதைவிடக் கோபம். உன்னைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன் மகளுக்கும் அந்த வலி வந்துவிட்டது. ஸ்கேனில் சிறுநீரகத்தில் சின்னதாக ஒரு கல் இருக்கிறதாம். வயது இருபத்தாறு. தண்ணீர் குடி என்று சொன்னதற்கு, குடித்து என்ன பிரயோசனம் என்று கேட்டாள். அவளை அப்படிக் கேட்க வைத்தது நீயும் நானும்.

நாம் எப்படி அந்த இடத்துக்கு வந்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். கண்டி டவுனில் ஒரே புடவைக்கடையில், ஒரே சாரிப் பகுதியில், பத்தொன்பது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நீ மஹய்யாவையிலிருந்து நடந்து வருவாய். நான் ஹந்தானையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவேன். காலை ஒன்பது மணிக்கு மேசைக்குப் பின்னால் ஏறினால் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு இறங்குவோம், அதற்குப் பிறகு ஆறரை வரை. உட்காரக் கதிரை கிடையாது. அது பழகிவிட்டது. பழகாத விஷயம் மேல்மாடியில் இருந்தது.

கக்கூஸ் மூன்றாம் மாடியில், துணிக்கட்டு அடுக்கிவைக்கிற ஸ்டோருக்குப் பின்னால். சாவி இரண்டாம் மாடியில், மெனேஜர் மேசைக்குப் பக்கத்து ஆணியில். யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்று அதில் ஒரு முழ நீளக் கட்டையைக் கட்டிவைத்திருந்தார்கள். அந்தக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கட்டுகிற சாரம் விற்கிற பகுதியில் நிற்கிற ஆண்களைத் தாண்டி, மூட்டை இறக்குகிறவர்கள் சாப்பிட உட்கார்ந்திருக்கிற படிக்கட்டில் அவர்களை எழுப்பி வழி விடச் சொல்லி ஏற வேண்டும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. புதிதாக வந்த நாளில் நான் ஒருதடவை போனேன். திரும்பி வந்தபோது, காலையிலிருந்து நான் நாற்பது சாரி விரித்துக் காட்டிய கல்யாண வீட்டார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். விரித்ததை மடிக்காமல் மேசையை விட்டுப் போகக் கூடாது என்பது கடையின் சட்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று மத்தியானம் நீ எனக்கு ஒரு வழி சொன்னாய். "காலையில ஒரு பிளேன்டீயோட நிறுத்திக்க புள்ள. குடிச்சாத்தானே போகணும்" என்றாய். எவ்வளவு லேசாகச் சொன்னாய். நானும் பெரிய உபகாரம் செய்துவிட்டாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருத்திக்கும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அதையே சொல்லிக்கொடுத்தோம். சாரிப் பகுதியில் வேலை செய்கிற பெண்கள் ஒரு மணி வரைக்கும் ஒரு சொட்டு குடிக்கமாட்டோம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, நாமே போட்டுக்கொண்டது.

அதில் நீ ராணி. கல்யாண வீட்டாருக்குக் கடையில் சோடாவோ பால் டீயோ கொடுப்பார்கள். கை ஓயாமல் விரிக்கிற உன்னைப் பார்த்து அவர்கள் பாவப்பட்டு, நீங்களும் ஒன்று குடியுங்கள் என்பார்கள். நீ உடனே முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு, இன்றைக்கு விரதம் என்பாய். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, புதன் பெருமாளுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி சனீஸ்வரனுக்கு. ஞாயிறு கடை பூட்டு, அதனால் சூரியனுக்கு மட்டும் உன்னிடமிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. அக்குறணையிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து மகளுக்குப் புடவை பார்க்க வந்த அந்த உம்மா ஒருநாள் உன்னைக் கேட்டார் ஞாபகமிருக்கிறதா? "என்னா மக, நாங்க வருஷத்துல ஒரு மாசம் நோன்பு பிடிக்கிற. நீங்க வருஷம் முழுக்கவா?" நீ சிரிக்காமல் நின்றாய். நான்தான் குனிந்து, விழாத சாரியைத் தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் ஒளிந்து சிரித்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. எந்தச் சாமியும் கேட்காத விரதம் அது.

முதல்தடவை உனக்கு வலி வந்தது ஒரு மாத்தளைக் கல்யாண வீட்டாருக்கு முன்னால். கையில் பிடித்திருந்த கூறைச் சாரியைக் கீழே போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாய். முகம் வெளுத்து, வேர்த்து, வாந்தியும் எடுத்தாய். நாங்கள் வாய்வு என்று நினைத்து இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணீர் கொடுத்தோம். வாய்வு அப்படி ஒரு ஆளைத் தரையில் உருட்டாது என்று அந்தக் கல்யாண வீட்டுக் கிழவர் சொன்ன பிறகுதான் த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐந்தாம் நாள் கல் தானாக விழுந்தது. அதை ஒரு கடதாசியில் மடித்துக் கடைக்குக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினாய். சீரகம் அளவு கூட இல்லை, ஆனால் சுற்றிவர முள். இதற்கா அப்படிக் கத்தினாய் என்று நான் கேட்டேன். பிள்ளை பெற்ற வலியே பரவாயில்லை என்றாய்.

கிளினிக்குக்கு உன்னோடு நான்தான் வந்தேன். அந்த லேடி டொக்டர் எவ்வளவு பொறுமையாகச் சொன்னார். கல் என்பது யாழ்ப்பாணம், அனுராதபுரம் பக்கம் உப்புத் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு வருவது, மலைத்தண்ணீர் குடிக்கிற நமக்கு எப்படி வந்தது என்று நீ கேட்டாய். எந்தத் தண்ணீர் என்பது பிறகு, நீங்கள் குடிக்கிறீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். அரைக் கோப்பைத் தேத்தண்ணீரில் நாலு கரண்டி சீனி போட்டால் கரையாமல் அடியில் நிற்கும் அல்லவா, சிறுநீர் குறைந்தால் அதில் உள்ள உப்புகளும் அப்படித்தான் நிற்கும் என்றார். கண்டிக் குளிரில் தாகம் தெரியாது, தாகம் வரும்வரை காத்திருக்காதீர்கள் என்றார். ஒரு நாளைக்கு இரண்டரை லீட்டராவது உள்ளே போக வேண்டும், போகிற சிறுநீர் வெளிறியிருக்க வேண்டும், மஞ்சளாகப் போனால் குடித்தது காணாது. கருவாடு, நெத்தலி, அச்சாறு, பப்படம் எல்லாவற்றிலும் உப்பைக் குறைக்க வேண்டும். இறைச்சியை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். புளிப்பான தேசிக்காயைத் தண்ணீரில் பிழிந்து, சீனியும் உப்பும் இல்லாமல் குடிக்கலாம். நீ எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினாய்.

வெளியே வந்து பஸ் ஹோல்ட்டில் நிற்கும்போது, எல்லாம் செய்துவிடலாம், தண்ணீர் மட்டும் எப்படி என்று என்னிடம் கேட்டாய். அங்கேயே உன்னை ஒரு அறை விட்டிருக்க வேண்டும். நானோ, அதானே, என்றேன்.

அதற்குப் பிறகு நீ செய்தவற்றை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. தண்ணீரைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் செய்தாய். கல் சுண்ணாம்பால் ஆனது, பாலில் சுண்ணாம்பு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். உயிராக நினைத்த பால் டீயை ஒரே நாளில் விட்டாய். தயிரை விட்டாய். அதற்குப் பதில் விடியற்காலையில் கறுப்பாகத் தேயிலைச் சாயம் வடித்து ஒரு பெரிய கோப்பை குடித்தாய். தக்காளி விதை கல்லாகும் என்றார்கள், தக்காளியை விட்டாய். நாலு மணிக்கு எழும்பி வாழைத்தண்டு இடித்துச் சாறு பிழிந்தாய். கொள்ளு அவித்துக் குடித்தாய். பக்கத்து வீட்டு மரத்தில் காய்த்த காமரங்காயைக்கூட, அந்த ஐந்து மூலைக் காயைத்தான், வெறும் வயிற்றில் சாறு பிழிந்து குடித்தாய். அத்தனையும் கஷ்டமான வேலை. ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்துக் குடிப்பதற்கு எத்தனை நிமிஷமாகும்?

ஆறு மாதம் கழித்து அதே டொக்டரிடம் காமரங்காய்க் கதையை நீ பெருமையாகச் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டார். வெறும் வயிற்றில் அதைக் குடித்துச் சிறுநீரகமே வேலைநிறுத்தம் செய்த ஆட்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார். பாலை யார் நிறுத்தச் சொன்னது என்றும் கேட்டார். சாயத்திலும் சில கீரைகளிலும் கல்லுக்குக் காரணமான ஒரு பொருள் இருக்கிறதாம். சாப்பாட்டோடு கொஞ்சம் பாலோ தயிரோ சேர்ந்தால் பால் வயிற்றிலேயே அந்தப் பொருளைப் பிடித்து வெளியே அனுப்பிவிடுமாம். நீ அந்தப் பாலை நிறுத்திவிட்டு வெறும் சாயத்தை ஊற்றியிருக்கிறாய். அன்றைக்கு எடுத்த ஸ்கேனில் இரண்டு கல் இருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் நான் உன் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், ஏனென்றால் அதற்குள் போத்தல் விஷயம் தொடங்கிவிட்டது.

முதல் கல் விழுந்த பிறகு உன் மகள் ஒன்றரை லீட்டர் போத்தல் ஒன்று வாங்கிவந்து, அதில் நகப்பூச்சால் சிவப்புக் கோடுகள் போட்டாள். பேனாவால் போட்டால் அழிந்துவிடுமாம். பத்து மணிக்கு முதல் கோடு, பன்னிரண்டுக்கு இரண்டாவது, இரண்டுக்கு, நாலுக்கு. கடைக்கு இவ்வளவு, மிச்சம் வீட்டில் என்று கணக்கு. பிள்ளை உனக்காக எவ்வளவு யோசித்திருக்கிறாள் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டில் யாரும் எனக்குக் கோடு போடவில்லை.

இரண்டு நாள் குடித்தாய். இரண்டு நாளும் ஆறு தடவை மேலே போனாய். இரண்டாம் நாள் படிக்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன், அக்கா இன்றைக்கு எத்தனையாவது ட்ரிப் என்று கேட்டானாம். கீழே வந்து என்னிடம் சொல்லும்போது உன் காது சிவந்திருந்தது. மறுநாள் பத்து மணிக்கு, போத்தலை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாய். தண்ணீர் கோட்டுக்கு வந்த பிறகு மூடியைப் பூட்டிக்கொண்டு திரும்பி வந்தாய். செடி நன்றாக வளரும் புள்ள என்றாய். நான் சிரித்தேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு மணி ஆனால், கொண்டுபோய் ஊற்று, நேரமாகிறது என்று உனக்கு ஞாபகப்படுத்தியவள் நான்.

உன் மகள் மாதத்துக்கு ஒருதடவை சம்பள நாளில் கடைப்பக்கம் வருவாள். உன்னிடம் பேசிவிட்டு, போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்டி, அம்மா கோடு வரைக்கும் குடிக்கிறாங்களா?" என்று கேட்பாள். ஒவ்வொரு மாதமும் நான் சொன்னேன், குடிக்கிறாள், நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று. நீ என்னைக் கெஞ்சிக் கேட்டாய் என்பது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணமில்லை. நீ மேலே போனால் உன் மேசையையும் நானே பார்க்க வேண்டும். நீ குடிக்காமல் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது. இதை உன்னிடம் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் நீ திட்டியிருப்பாய், நானும் திட்டியிருப்பேன், இரண்டு பேரில் ஒருத்திக்காவது புத்தி வந்திருக்கும்.

போன தீபாவளிக்கு முந்திய வாரம் உனக்குக் காய்ச்சல். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். நீ சாரிக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பல் கிடுகிடுக்க விரித்துக்கொண்டிருந்தாய். இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டேன். வலி எப்போதும் உள்ளதுதான், குளிர்தான் புதிது என்றாய். கல் உள்ளவர்களுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் ஒரு மணித்தியாலம்கூட வைத்திருக்காமல் ஓடி வாருங்கள் என்று டொக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் காதில் விழுந்ததுதான். "தீபாவளி முடியட்டும் புள்ள, இந்த நேரம் லீவு கேட்டா மூஞ்சியில அடிச்ச மாதிரி" என்றாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. எனக்கு முன்னால் பதினைந்து சாரி விரித்துக் கிடந்தது.

மூன்றாம் நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது, கல் அடைத்து, அடைத்த இடத்தில் கிருமி பிடித்து, அது இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அவர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் நீ போய்விட்டாய்.

கடையில் அரைநாள் பூட்டினார்கள். பெரிய மலர்வளையம் அனுப்பினார்கள். உன் படத்தைப் பெரிதாக்கி சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து ஒருநாள் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, மாடிக்கு ஏறிப்போய் மெனேஜரிடம், கக்கூஸ் சாவியைக் கீழே சாரிப் பகுதியில் மாட்ட முடியாதா, அந்தக் கட்டையைக் கழற்ற முடியாதா, மேலே படிக்கட்டில் ஆண்களை உட்காராமல் இருக்கச் சொல்ல முடியாதா என்று கேட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "தாராளமா மாட்டுங்க. இவ்வளவு நாளா ஒருத்தரும் கேக்கலியே" என்றார்.

இரண்டு நிமிஷம். அதற்கு மேல் ஆகவில்லை. அன்று சாயங்காலமே ஆணி அடித்துவிட்டார்கள். ஸ்டோர் ஆட்களுக்குப் பின்பக்கம் உட்கார ஒரு வாங்கு போட்டுக்கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷம் சாமி பெயரைச் சொல்லி விரதம் இருந்தோமே, ஒருநாள் ஏறிப்போய்க் கேட்டோமா? வாடிக்கையாளரிடம் ஒரு சாரிக்கு அரை மணித்தியாலம் பேசுகிற வாய் உனக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. இதை நினைத்தால் உன்மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. அந்த மனிதர்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. கேட்காமலே தெரிந்திருக்க வேண்டியவர்தான். ஆனாலும் கேட்காத வாய் நம்முடையது.

தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் உன் மகள் கடைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். இடப்பக்கம் வலி வந்ததையும், ஸ்கேன் எடுத்ததையும் சொன்னாள். தண்ணீர் நிறையக் குடி என்று சொன்னேன், பழக்கதோஷத்தில். அவள் என்னைப் பார்த்து, "அம்மா ரெண்டரை வருஷம் கோடு தவறாமக் குடிச்சாங்களே அன்டி. நீங்கதான் பாத்தீங்களே. அப்புறமும் வந்திச்சுதானே" என்றாள். அதனால் அவள் அந்த வழியையே விட்டுவிட்டாளாம். ஃபோனில் பார்த்து ஏதோ பொடி வரவழைத்து, அதைக் கரைக்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் குடிக்கிறாளாம். பாலையும் நிறுத்திவிட்டாளாம், உன்னைப் போலவே.

நான் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைக் காட்டிக்கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இன்று சொல்வேன், நாளை சொல்வேன் என்று ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டினேன். ஆறு மாதம் காமரங்காய் குடித்த உன்னை முட்டாள் என்று திட்டுகிற நான், தெரிந்தே உன் பிள்ளையைக் காய விட்டேன். பிறகு அந்தச் செடி பட்டுப்போனது. மெனேஜர், யார் ஊற்றினீர்கள் என்று கேட்டபோதுகூட என் வாய் திறக்கவில்லையே, அப்போதுதான் என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மஹய்யாவைக்குப் போனேன். அவள் முன் அறையில் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற பிளவுஸ்களை ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காருங்கள் அன்டி என்று கதிரையை இழுத்துப்போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சுத் தொடங்கிவிடும் என்று தெரியும். உன் அம்மா அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்று நின்றபடியே சொன்னேன். நீ அதை எங்கே ஊற்றினாய், ஏன் ஊற்றினாய், நான் எத்தனை தடவை நேரம் சொல்லி அனுப்பினேன், அவள் கேட்டபோதெல்லாம் நான் என்ன சொன்னேன், எல்லாம் சொன்னேன். தண்ணீர் உன் அம்மாவைக் கைவிடவில்லை, நாங்கள்தான் தண்ணீரை அவள் வாய்க்குப் போகவிடவில்லை என்றேன். டொக்டர் பாலைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் சொன்னவற்றையும் ஒன்று விடாமல் ஒப்புவித்தேன்.

அவள் கையில் இருந்த பிளவுஸை முடித்தாள். இன்னொன்றை எடுத்து விரித்து, அதையும் முடித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கத்துவாள் என்று. ஸ்திரிப்பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா பொய் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும் அன்டி. அதுனாலதான் ஒவ்வொரு மாசமும் ஒங்ககிட்ட வந்து கேட்டேன்."

இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? நீ ஏதாவது ஒரு சாமி பெயரைச் சொல்லிச் சமாளித்திருப்பாய். இந்தச் சொல்லை நான் சாகும்வரை தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். பஸ்ஸில், மேசைக்குப் பின்னால், சாரி மடிக்கும்போது, எங்கே போனாலும் இது என்னோடு வருகிறது. உன் பங்கையும் சேர்த்து நானே தூக்குகிறேன், அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அவள் குசினிக்குப் போனாள். குடத்திலிருந்து ஊற்றுகிற சத்தம் கேட்டது. உன் வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருப்பேன், ஒரு தடவையாவது வெறும் வாயோடு என்னை அனுப்பியிருப்பாயா? வேண்டாம் என்றாலும் கையில் ஒரு கோப்பையைத் திணிக்காமல் விடமாட்டாய். உன் மகள் பெரிய கிளாஸ் ஒன்றில் தண்ணீரோடு வந்து எனக்கு முன்னால் நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் அதை எனக்குத் தரவில்லை. என்னைப் பார்த்தபடியே, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் தாகத்தோடு படியிறங்கினேன். பரவாயில்லை, அவள் குடித்துவிட்டாள்.